மோட்டார் சத்தம்

நவம்பர் 1, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. கொடியில் போட்ட எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம். செய்தியில் ‘பரவலாக மழை’ என்கிறான். பரவலாகவாம். எங்கள் தலையில் மட்டும் கொட்டுகிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது.

இந்த ரோகிணி குடியிருப்பில் பதினெட்டு வீடு. சங்கச் செயலாளர் நான், இது ஆறாவது வருடம். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. பொதுக்கூட்டத்தில் யார் என்று கேட்டதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான் குனியவில்லை, அவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து சூப்பர்வைசராக வெளியே வந்தவளுக்குக் குனிந்து பழக்கமில்லை.

என் கணவர் வாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மின்வாரியத்தில் கம்பத்தின் உச்சியில் இருப்பவனைக் கீழே நின்று விரட்டிய குரல். இப்போது தொண்டையில் உருண்டு வெறும் சத்தமாக வெளியே வருகிறது. என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிவதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் கஸ்தூரிக்குப் புரிகிறது. “அய்யா ஜன்னல தொறக்க சொல்றாரும்மா” என்பாள். திறந்தால் அவர் முகம் தெளியும். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான். எனக்கு இது எரிச்சல்தான். என் டைரியில் நான் உண்மையை எழுதாமல் வேறு எங்கே எழுத?

கஸ்தூரி இருப்பது ஏரிக்கரைத் தெருவில், எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம். எங்கள் தரையைவிட இடுப்பளவு தாழ்வு. காலை ஏழு மணிக்கு மதிலில் உள்ள சின்ன கேட் வழியாக வந்துவிடுவாள். வேலைக்கு வருகிறவர்களுக்கென்றே வைத்த கேட் அது. அவரைத் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள் கைதான். இரண்டு வருடத்தில் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

அவள் மகள் மோனிஷா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆஸ்பத்திரியில் இருபத்தைந்தாம் தேதி சொல்லியிருக்கிறார்களாம். போன மாதம் வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டாள். போய் ஓரமாக உட்கார்ந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த மாதிரி இடங்களில் நானே ஓரமாக உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. கஸ்தூரி அத்தனை பேர் முன்னால் “அம்மா, மொத வளையல் நீங்க போடுங்க” என்றாள். இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். போட்டேன். என்னை அப்படி முதலில் கூப்பிட்டவள் இதுவரைக்கும் அவள் ஒருத்திதான்.

நவம்பர் 3, செவ்வாய்

மழை. அவருக்கு இருமல். தலையணை உறை இரண்டு தடவை மாற்றினேன்.

நவம்பர் 6, வெள்ளி

புயல் சின்னமாம். விடிந்து பார்த்தால் கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் தண்ணீர். முன்சாலைக்கு வருடத்துக்கு ஒரு தரம் தார்மேல் தார் போட்டு உயர்த்திவிட்டார்கள், நாங்கள் பள்ளத்தில் இருக்கிறோம். கட்டினபோது நாலு படி ஏறி வந்த கட்டடம் இது.

பி-3 தணிகாசலம் சார் புதுக் காரின் பக்கத்தில் குடையோடு நின்றுகொண்டு, “மரகதம் மேடம், இன்னும் ரெண்டு இஞ்ச்சு ஏறினா இன்ஜினுக்குள்ள போயிடும். சங்கம் என்ன பண்ணுது?” என்றார். சங்கம் என்றால் நான். ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, போன வருடம் வாங்கிய டீசல் மோட்டாரை நானே ஆள் வைத்துக் கிளப்பினேன். ஓஸ் குழாயை எங்கே விடுவது என்று அந்த ஆள் கேட்டான். முன்பக்கம் விட்டால் சாலை உயரம், இன்னும் நீளமான ஓஸ் வாங்க வேண்டும், கடை திறக்கவில்லை. பின்மதில் மேல் தூக்கிப் போட்டோம். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அதற்கு நான் என்ன செய்ய?

ஒன்பது மணிக்குப் போட்டு ஒரு மணிக்கு நிறுத்தினோம். தரை தெரிந்தது. தணிகாசலம் சார் கைதட்டினார்.

கஸ்தூரி மாலையில் வந்தபோது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“மழ வுட்டுப்போச்சு, ஆனா எங்க தெருவுல தண்ணி ஏறுதும்மா. அது எப்டின்னே புரியல” என்றாள்.

ஏரி நிறைந்திருக்கும் என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

சங்கக் கூட்டம், படிக்கட்டில் நின்றபடியே. நேற்றெல்லாம் மோட்டார் ஓடியும் தண்ணீர் குறையவில்லை. இன்று காலையில்தான் கண்டுபிடித்தோம். நாங்கள் மதில் மேலாக வெளியே தள்ளுகிற தண்ணீர் சின்ன கேட்டின் அடிவழியாகத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருக்கிறது! இரண்டு நாள் ஒரே தண்ணீரை இறைத்திருக்கிறோம். எக்ஸ்சேஞ்சில் யாராவது இப்படி வேலை பார்த்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

கேட்டை அடைத்துவிடலாம் என்றார் தணிகாசலம் சார். எல்லாரும் சரி என்றார்கள். மதியமே கொத்தனார் வந்து இடுப்பு உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி, அதற்கு மேலே கேட்டைச் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டுப் போனார். வேலைக்கு வருகிறவர்கள் இனிமேல் பெரிய சாலை வழியாகச் சுற்றி வர வேண்டும். இருபது நிமிடம் ஆகும். மழை நிற்கும்வரைதானே.

இரண்டு வீட்டு வேலைக்காரிகள் முணுமுணுத்தார்கள்.

நவம்பர் 9, திங்கள்

ஏழே முக்காலுக்கு வந்தாள். சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அவரைத் துடைத்துப் படுக்கவைத்த பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளு.”

“மேல அந்த மஸ்கட்டுக்காரங்க வூடு பூட்டித்தான கீது. சாவி உங்ககிட்டதான இருக்குது. மோனிய மட்டும் நாலு நாளு அங்க படுக்க வச்சிக்கட்டுமா? தண்ணி எறங்குற வரைக்கும். கட்டில் காலுக்கு மூணு செங்கல் குடுத்து வச்சிருக்கேன், அப்பவும் பொண்ணு பயப்படுதும்மா. நான் தண்ணிலயே இருந்துக்கிறேன், அவ மட்டும்.”

“என் வீடு இல்லையே கஸ்தூரி. கூட்டத்துல வெச்சுத்தான் சொல்ல முடியும்.”

“வைங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க.”

கூட்டத்தில் வைக்கவில்லை. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. அவருக்குப் பேச்சு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கப் போகிறேன். போன வருடமும் இருந்தேன். நாலாம் நாள் எதிர்வீட்டில் ஒரு சாவு விழுந்தது. ஒரே கூரை, ஒரே படிக்கட்டு. என் விரதம் கெட்டது. அதனால்தான் முருகன் கண் திறக்கவில்லை என்று நான் நம்புகிறேன். யாரும் சிரிக்கலாம். ஊட்டி, துடைத்து, பதில் வராத முகத்தோடு இரண்டு வருடம் பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

பிரசவத் தீட்டும் தீட்டுதான். இருபத்தைந்தாம் தேதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லலாம். தலைப்பிரசவம் தேதி பார்த்தா வரும்?

மாலையில், தணிகாசலம் சார் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவர் எதற்குமே ஒத்துக்கொள்ளாத மனிதர், இது அவருக்குப் பெரிய பழி ஒன்றும் இல்லை.

“பரவால்லம்மா, நீங்க கேட்டீங்களே, அதுவே போதும்” என்றாள்.

நவம்பர் 10, செவ்வாய்

தீபாவளி. நனைந்த வெடி, நமுத்த முறுக்கு. கஸ்தூரிக்குப் புடவை கொடுத்தேன். பிரித்துப் பார்த்து மடித்து, “இங்கயே உங்க பீரோல இருக்கட்டும்மா, வூட்ல காஞ்ச எடமே இல்ல” என்று திருப்பித் தந்தாள்.

நவம்பர் 11, புதன்

ஏரிக்கரைத் தெருவிலிருந்து இருபது பேர் முன்கேட்டுக்கு வந்து கத்தினார்கள். “உங்க தண்ணிய எங்க தலையில ஏன்யா ஊத்துறீங்க? எங்க வூட்ல புள்ளகுட்டி இல்லியா?” தணிகாசலம் சார் கேட்டுக்கு உள்ளேயே நின்று, எதுவானாலும் மாநகராட்சியில் போய்ச் சொல்லுங்கள் என்றார். போய்விட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் கஸ்தூரி நின்றிருந்தாள். மேலே ஜன்னலில் நின்ற என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, வியாழன்

விரதம் தொடங்கிவிட்டது. விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கவசம் படித்தேன். அவர் கண்ணை மூடாமல் கேட்டார். குரல் உடையாமல் படித்து முடித்தேன்.

கஸ்தூரி இன்றைக்கு நேராகவே கேட்டாள். “அந்தப் பைப்ப முன்பக்கம் திருப்பச் சொல்லுங்கம்மா. ராவுக்குள்ள கட்டில் மட்டம் வந்துரும்போல கீது.”

பெரிய ஓஸுக்குச் சொல்லியிருக்கிறோம், கடை திறக்கட்டும் என்றேன். உண்மையில் கடைக்கு இன்னும் சொல்லவில்லை. முன்பக்கம் விட்டால் சாலைத் தண்ணீர் எங்கள் முன்கேட்டுக்கே திரும்பும், மறுபடியும் கார், மறுபடியும் தணிகாசலம் சார். விரத நாளில் யாரோடும் வாய்ச்சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் சும்மாவும் அனுப்பவில்லை. கேட் அடைத்ததில் மிஞ்சிய செங்கல் பத்து மூலையில் கிடந்தது. கட்டிலுக்கு வைத்துக்கொள், எடுத்துப் போ என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெரிய சாலை வழியாகவே சுற்றிப் போனாள்.

நவம்பர் 13, வெள்ளி

இரண்டாம் நாள். லேசான தலைசுற்றல். மோட்டார் ஆறு மணி நேரம். நேற்றிலிருந்து போன் செத்துக் கிடக்கிறது.

நவம்பர் 15, ஞாயிறு

நாலாம் நாள். போன வருடம் கெட்ட நாள் இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் திறக்காமல் இருந்தேன், கஸ்தூரிக்கு மட்டும் திறந்தேன்.

அவள் பாதம் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்கு வெடித்திருந்தது. அதோடு அவரைக் குளிப்பாட்டினாள். அவர் நல்ல கையால் அவள் தலையைத் தொட்டு ஏதோ சத்தம் எழுப்பினார். “ஒண்ணும் இல்ல அய்யா, நல்லாத்தான் இருக்கா” என்றாள். மோனிஷாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்! என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டால் எனக்குப் புரியாது.

போகும்போது சொன்னாள். “மோனிக்கு நேத்துலேர்ந்து இடுப்பு நோவுதாம்மா. பொய் வலின்னு சொல்றாங்க. நாளைக்கி என்னால வரமுடியலன்னா அய்யாவ நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க.”

“செவ்வாய்க்கிழமை சூரசம்ஹாரம் கஸ்தூரி. அது வரைக்கும் ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு” என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். “சரிம்மா, சொல்லி வைக்கிறேன்” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறார்களே, அங்கே போகக்கூடாதா என்று கேட்டேன். தெருவில் மார்பளவு தண்ணீராம். சாக்கடை மூடி எங்கே கிடக்கிறது, எங்கே போய்விட்டது என்று தெரியாதாம். நிறைமாதப் பெண்ணை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்றாள். சின்ன கேட் மட்டும் இருந்திருந்தால், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் வாசலிலிருந்து அந்த கேட்டுக்கு ஏழெட்டு அடிதான் இருக்கும்.

நவம்பர் 16, திங்கள்

பொழுது விடிந்ததே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. கஸ்தூரி வரவில்லை.

அவரை நான் ஒருத்தியே புரட்டினேன். ஐந்தாம் நாள் பட்டினி. பாதியில் நழுவி முதுகு கட்டில் சட்டத்தில் இடித்துவிட்டது. துணி மாற்றி முடிப்பதற்குள் மறுபடி நனைத்துவிட்டார். கத்திவிட்டேன். செத்துத் தொலைந்தாலும் நிம்மதி என்று சொன்னேன். விரதத்தில் இருக்கிற வாயால் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் காலைப் பிடித்து அழுதேன். முருகா, இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

தணிகாசலம் சார் எங்கிருந்தோ இரண்டாவது மோட்டாரும் கொண்டுவந்துவிட்டார். இரண்டும் ஓடுகின்றன.

நவம்பர் 17, செவ்வாய்

பேசினார்!

இரண்டு வருடம் கழித்து, என் காதால் கேட்டேன். சூரசம்ஹாரத்தன்று, வேறு எந்த நாளிலும் இல்லை. உருளல் இல்லை, குழறல் இல்லை, பழைய மின்வாரியக் குரல். அவர் கட்டில் பின்ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. நான் அப்போது பின்பால்கனியில் நின்றிருந்தேன். பின்பக்கம் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள், மோட்டார் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் உள்ளே இருந்து அவர் குரல். ஓடினேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லுங்க, இன்னொரு தரம் சொல்லுங்க என்று அழுதேன். சொன்னார். அப்புறம் இன்னொரு தரமும் சொன்னார். எவ்வளவு நேரம் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. எழுந்து பார்க்கும்போது பின்பக்கம் சத்தம் ஓய்ந்திருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி விரதத்தை முடித்தேன். பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். தணிகாசலம் சார் மனைவி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டார்கள். முருகா என்று சொன்னார் என்றேன்.

நவம்பர் 18, புதன்

மழை விட்டுவிட்டது. பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

நேற்று மோனிஷாவுக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. யாரோ முகாமில் போய்ச் சொல்லி வரவழைத்த ஆம்புலன்ஸ் முன்சாலை வரைக்கும்தான் வரமுடிந்ததாம், எங்கள் முன்கேட்டுக்கு எதிரில் நின்றிருக்கிறது. மதிலுக்குப் பின்னால் பிள்ளைத்தாய்ச்சி, மதிலுக்கு முன்னால் ஆம்புலன்ஸ். நடுவில் நாங்கள். மீன்பாடி வண்டியில் அவளைப் படுக்கவைத்து நாலு பேர் தெருவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் மூடியில்லாத சாக்கடைக்குள் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் தண்ணீரிலேயே பிறந்திருக்கிறது. பெண் குழந்தை. அழவே இல்லையாம்.

மோனிஷா பிழைத்துக்கொண்டாள்.

“இந்தச் சின்ன கேட் தொறந்திருந்தா ஆம்புலன்ஸுக்கு அம்பது அடிம்மா” என்றார் பால்காரர். பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 19, வியாழன்

அவர் பேசவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

போன் வந்துவிட்டது. முதல் அழைப்பு மஸ்கட்டிலிருந்து. பூட்டிய மேல்வீட்டுக்காரப் பெண் பதறிப்போய்ப் பேசினாள். “ஆன்ட்டி, பத்து நாளா ட்ரை பண்றேன். எங்க வீடு சும்மாதான கிடக்கு, கஷ்டப்படுறவங்க யாராவது இருந்தா திறந்து விடுங்க. உங்களுக்குத் தெரியாதா, யாருக்கு வேணும்னு?” சரி என்றேன். பத்து நாள் முன்னால் இது கிடைக்காமல் போனதற்கு நான் பொறுப்பில்லை. போன் கம்பெனிதான் பொறுப்பு.

தூத்துக்குடியிலிருந்து என் தங்கையும் பேசினாள். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கோயில் அர்ச்சகர் வரைக்கும் போயிருக்கிறது. “அக்கா, உன் விரதம் எவ்வளவு பெரிசு!” என்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். கீழே இறங்கிப் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? செங்கலை உடைக்க ஆள் வேண்டும், கடப்பாரை வேண்டும். அரைமணி நேரமாவது ஆகும். “பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சிமா, கேட்ட ஒடச்சி வுடுங்கம்மா” என்று அவள் முதலில் கத்தியபோதே மணி பதினொன்று இருபது. மீன்பாடி வண்டி கிளம்பியது பன்னிரண்டரைக்குத்தான் என்று பால்காரர் சொல்கிறார். அதற்குள் ஒன்றும் செய்திருக்க முடியாது. இன்னொன்று, எனக்குத்தான் மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவே இல்லையே.

அவர் முதுகில் இரண்டு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்து தோல் உரிந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் முதல் புண். நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

நவம்பர் 24, செவ்வாய்

வேறு ஆள் பார்க்கச் சொல்லி ஏஜென்சிக்குச் சொன்னேன். ஒரு பெண் வந்தாள், அவர் நாற்றம் தாங்காமல் மதியமே போய்விட்டாள். புண் பெரிதாகிறது.

கூட்டத்தில் சின்ன கேட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. டிசம்பரிலும் புயல் வரும் என்கிறார்களாம், இருக்கட்டும் என்றார் தணிகாசலம் சார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 28, சனி

காலையில் மணி அடித்தது. திறந்தால் கஸ்தூரி.

பாதியாக இளைத்திருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“பத்து நாள் தீட்டும்மா. நேத்தோட முடிஞ்சிச்சு. அதான் வரல. நீங்க விரதமும் பூசையுமா இருக்கறவங்க, பாதில வந்தா உங்களுக்கு ஆவாதில்ல” என்றாள்.

உள்ளே வா என்றுதான் சொல்ல முடிந்தது.

அவரைப் பார்த்ததும், “அய்யோ, இன்னாம்மா இது, முதுகு இப்டி ஆயிருக்குது” என்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு வாயைக் கோணிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. வெந்நீர் கேட்டாள், டெட்டால் கேட்டாள், பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டாள். புண்ணைத் துடைக்கும்போது ஊதி ஊதித் துடைத்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மோனி எப்படி இருக்கா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கீறாம்மா. பால் கட்டிக்கிச்சு. மல்லிப்பூவ வச்சுக் கட்டியிருக்கேன், வத்தறதுக்கு. ராவெல்லாம் பூ வாசன வந்தா அழுவுறா.” துணியைப் பிழிந்தாள். “அய்யா பேசினாராமே. பால்காரரு சொன்னாரு.”

“ஆமா.”

“இன்னா சொன்னாரும்மா?”

“முருகான்னார்.”

கஸ்தூரி நிமிரவில்லை. அவர் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள்.

“இல்லம்மா” என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. “நிறுத்துன்னாரு. மோட்டார நிறுத்து, மோட்டார நிறுத்துன்னு. மூணு வாட்டி. ரெண்டு மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சு, மதிலுக்கு அந்தாண்ட தண்ணிக்குள்ள நின்னேன், எனக்கே நல்லா கேட்டுச்சு.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

அவள் புண்ணுக்குப் பவுடர் போட்டு, அவரை இடப்பக்கமாகப் புரட்டி, தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். கஞ்சி ஊட்டினாள். எல்லாவற்றையும் குடித்தார். பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாளைக்கு ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.